தோபித்து வீட்டு ஆட்டுக்குட்டி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடப்படுகிறது.)



தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விவிலியத்தில் கூலிக்குத் தறி நெய்து, பார்வை இழந்த கணவரைக் காப்பாற்றிய ஒரு மனைவி இருக்கிறார். அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தோபித்து நூலை எடுத்து இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள்.

தோபித்து நினிவே நகருக்கு நாடுகடத்தப்பட்டவர். நல்ல மனிதர். தெருவில் அனாதையாகக் கிடக்கும் தம் இனத்தாரின் பிணங்களை எடுத்து அடக்கம் செய்வார். ஒருநாள் அப்படி அடக்கம் செய்துவிட்டு வந்து, வெக்கைக்கு முற்றத்துச் சுவரோரம் படுத்திருக்கிறார். சுவரில் இருந்த குருவிகளின் எச்சம் கண்ணில் விழுகிறது. கண்ணில் வெண்படலம் படர்கிறது. மருத்துவர்களிடம் போகிறார். மருந்து போடப் போடப் பார்வை குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போகிறது. நான்கு ஆண்டுகள் அப்படியே இருக்கிறார்.

அப்போது அவருடைய மனைவி அன்னா நெசவு வேலைக்குப் போகிறார். துணியை நெய்து முடித்து உரியவர்களுக்கு அனுப்புவார், கூலி வரும். ஒருநாள் முழுக்கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். தீபாவளிக்கு போனஸ் தருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். குட்டி வீட்டுக்குள் வந்து கத்துகிறது. கண் தெரியாத மனிதருக்குச் சந்தேகம் வருகிறது. இது எங்கிருந்து வந்தது, திருடியதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். கூலிக்கு மேல் கொடுத்த அன்பளிப்பு என்று அன்னா சொல்கிறார். அவர் நம்பவில்லை. திருப்பிக் கொடு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்னாவுக்குப் பொறுக்கவில்லை. உம்முடைய தருமமெல்லாம் எங்கே போயிற்று, உம்முடைய லட்சணம் இப்போது தெரிகிறது என்ற பொருளில் திருப்பிக் கேட்டுவிடுகிறார். அந்தச் சொல் தாங்காமல், அடுத்த அதிகாரத்தில் தோபித்து அழுதுகொண்டே தமக்குச் சாவு வர வேண்டும் என்று கடவுளிடம் மன்றாடுகிறார்.

திருமணத் திருப்பலியில் இந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. அதே நூலின் எட்டாம் அதிகாரத்தில் தோபியாவும் சாராவும் மணவறையில் செபிக்கிறார்களே, அதைத்தான் வாசிக்கிறோம். அது அழகான பகுதிதான். ஆனால் கணவன் மனைவியரில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருக்கும் குடும்பத்தைப் பற்றி விவிலியத்தில் ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், நான் இந்த ஆட்டுக்குட்டிச் சண்டையைத்தான் காட்டுவேன். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு பங்கில் இருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன், பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அங்கே ஓர் இளைஞர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. இரண்டு பக்கமும் ஊன்றுகோல், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அவருக்கு முப்பத்து நான்கு வயது ஆகும்வரை வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. தம்பிக்கு முடித்தார்கள், தங்கைக்கு முடித்தார்கள். இரண்டு கல்யாணத்திலும் அவரை மொய் எழுதுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். "அந்த மேசையிலேயே என் காலம் முடிஞ்சிரும்னு நெனச்சேன் சாமி" என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

அந்தப் பெண் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்குப் பார்ப்பவர். மாதாமாதம் கணக்கு நோட்டை நகலெடுக்க அந்தக் கடைக்கு வருவார். ஒருமுறை நகலெடுத்துக்கொண்டே அவர் நோட்டைப் பார்த்து, "கூட்டல்ல அறுநூறு ரூபாய் இடிக்குதே" என்றிருக்கிறார். அந்த நோட்டு அப்படியே வங்கிக்குப் போயிருந்தால் அந்தப் பெண்ணின் மேல்தான் பழி விழுந்திருக்கும். அதன் பிறகு எந்தக் கணக்கையும் முதலில் இந்தக் கடையில் காட்டிவிட்டுத்தான் குழுவுக்கே கொண்டுபோவாராம். எட்டு மாதம் கழித்துத் திருமணப் பேச்சை எடுத்தது அந்தப் பெண்தான். யாரோ தன்னைக் கேலி செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து அவர் கோபப்பட்டு, கடையை அடைத்துவிட்டுப் போய்விட்டார். நம்புவதற்கு அவருக்குப் பல நாள் ஆயிற்று. மற்றவர்கள் மறுத்ததைக்கூட ஒரு மனிதன் தாங்கிக்கொள்வான். இவர் தம்மைத் தாமே மறுத்துப் பழகியிருந்தார்.

பெண்ணின் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "காலம் பூரா இவனத் தூக்கிச் சுமக்கப் போறியா?" என்று என் முன்னால்தான் கேட்டார். "எட்டு மாசமா அவர் கடைக்குப் போறேன்ப்பா. ஒருநாள்கூட யாரையும் தூக்கச் சொல்லி நான் பார்க்கல" என்று மகள் சொன்னார். நான் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தோம். கோவிலில் நல்ல கூட்டம். நானும் உருக்கமாக ஒரு மறையுரை வைத்தேன். சிலுவை சுமந்த இயேசுவுக்குத் தோள் கொடுத்த சிரேன் ஊர்ச் சீமோனைப் போல இந்தப் பெண் தியாகம் செய்ய முன்வந்திருக்கிறாள் என்று சொன்னேன். வயதான அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அன்று சாப்பாட்டுப் பந்தியில் பத்துப் பேராவது வந்து மறையுரை நன்றாக இருந்தது என்று சொல்லியிருப்பார்கள்.

ஒரு மாதம் கழித்துத் திருமணச் சான்றிதழ் வாங்க இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மனைவி கெபிக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் பேசினார். "சாமி, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு சிலுவைன்னு சொன்னீங்களே, அது நான்தானே?"

உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லதற்குத்தானே சொன்னோம், இவருக்காக மூன்று முறை நடந்தோமே என்று. அவர் தொடர்ந்து சொன்னார்: "அவ வீட்டுக் கடன நான்தான் அடைச்சிக்கிட்டு வர்றேன் சாமி. அதை யாரும் தியாகம்னு சொல்லல. மருமகன் கடமைன்னு சொல்றாங்க. எனக்கு அது போதும். எனக்கும் கடமை இருக்குன்னு சொன்னாலே போதும்."

பீடத்தில் நின்றுகொண்டு, ஒரு மணமகனை அவருடைய திருமண நாளிலேயே, ஊர் முன்னால் சுமையாக்கி வைத்திருக்கிறேன். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். அந்த மறையுரைக் குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன், மறக்கக் கூடாது என்பதற்காக.

இதைச் சொல்வதற்குக் காரணம், திருஅவை திருமணத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நான் குருமடத்தில் படித்திருந்தேன். படித்ததை அன்று மறந்திருந்தேன். உங்களில் பலருக்கும் இதில் குழப்பம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்குத் திருமணம் மந்திரிக்க ஆயரிடம் தனி அனுமதி வாங்க வேண்டுமா என்று ஓர் அன்பியக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். வேண்டியதில்லை. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

திருமணத்தை உண்டாக்குவது எது? தாலி இல்லை, விருந்து இல்லை, குருவானவரின் ஆசீர்கூட இல்லை. மணமக்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தரும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்று 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு எண் 1057 சொல்கிறது. அந்தச் சம்மதத்தை அவர்களுக்குப் பதிலாக வேறு யாரும் தர முடியாது. அப்பா தர முடியாது, தாய்மாமன் தர முடியாது, பங்குத்தந்தையும் தர முடியாது. சட்டம் தடுக்காத எவரும் திருமணம் செய்துகொள்ளலாம் என்பது அடுத்த எண். தடைகள் எவை என்று சட்டமே எண்ணிச் சொல்கிறது. வயது போதாமை, ஏற்கெனவே உள்ள திருமண உறவு, நெருங்கிய இரத்த உறவு, குருத்துவம், இப்படிப் போகிறது பட்டியல். கண் தெரியாமை அதில் இல்லை. காது கேளாமை இல்லை. நடக்க முடியாமை இல்லை.

இன்னொன்று கேளுங்கள். மணமக்கள் தங்கள் சம்மதத்தை வார்த்தைகளால் சொல்ல வேண்டும், பேச முடியாதவர்கள் அதற்கு நிகரான சைகைகளால் தெரிவிக்கலாம் என்று எண் 1104 சொல்கிறது. இது இந்தக் காலத்துச் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பு திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்திடம் இதே கேள்வி வந்தது: காது கேளாத, வாய் பேசாத ஒருவர் மணம் முடிக்கலாமா? முடிக்கலாம், வார்த்தையால் சொல்ல முடியாததைச் சைகையால் சொல்லட்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். கை அசைவுகளை ஒரு மொழியாகவே உலகம் மதிக்காத காலம் அது. நம் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் காது கேளாத மாணவர்கள் பொறியியல் படிக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். பேருந்தில் அவர்கள் கைகளால் பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். நாளைக்கு அப்படிப்பட்ட இருவர் நம் கோவிலுக்கு வந்து திருமணம் கேட்டால், சாமியாருக்குச் சைகை மொழி தெரியாது என்பதால் எதுவும் நின்றுவிடாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அவர் நம்பத்தக்கவர் என்று நான் உறுதி செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

சிலர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மணம் முடிக்கலாமா? பிள்ளை பிறக்காது என்பது திருமணத்துக்குத் தடையே இல்லை, அதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தாம்பத்திய உறவு திருமணத்துக்கு முன்பிருந்தே நிரந்தரமாக, உறுதியாக இயலாது என்றால் மட்டுமே அது தடையாகும். அதிலும் சந்தேகம் இருந்தால் திருமணத்தைத் தடுக்கக் கூடாது. இதை மருத்துவரிடம் பேச வேண்டும். டீக்கடையில் பேசித் தீர்மானிக்கிற விஷயம் அல்ல.

ஆக, திருஅவை கேட்பது இரண்டு சம்மதம். இரண்டும் ஒரே அளவு. ஒருவர் கொடுப்பவர், இன்னொருவர் வாங்கிக்கொள்பவர் என்று அந்தச் சடங்கில் எங்கும் இல்லை. மணமக்கள் இருவரும் சொல்லும் வாக்குறுதியை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் அதே சொற்கள்தான். நோயிலும் உடல்நலத்திலும் உடனிருப்பேன் என்பதை இருவருமே சொல்கிறார்கள். ஊன்றுகோல் வைத்திருப்பவரும் சொல்கிறார். அவர் சொல்வதை நாம் காதில் வாங்குவதில்லை, அதுதான் குறை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை பேசியவன் ஆவேன். மாற்றுத்திறனாளியின் திருமணம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்ல முடியாது. வரதட்சணை கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண்ணை, அவள் மனதைக் கேட்காமல், "அவங்க ஒண்ணும் கேக்கல, போய்ப் பொழச்சுக்கோ" என்று தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வற்புறுத்தலாலும் பெரிய அச்சத்தாலும் தரப்படும் சம்மதம் செல்லாது என்கிறது எண் 1103. ஓலை எழுதும் முன் மணப்பெண்ணையும் மணமகனையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்கிறோமே, அது வெறும் சம்பிரதாயம் இல்லை. பெற்றோர் வெளியே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். பலர் என்மேல் வருத்தப்பட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை.

நேர்மாறானதும் நடக்கிறது. ஊனமுற்ற பெண் என்றால் இரண்டு மடங்கு நகை கேட்கிறார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது, அதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை. அப்படி வாங்குகிறவன் அந்தப் பெண்ணை மணக்கவில்லை. அரசு மாற்றுத்திறனாளிகளின் திருமணத்துக்கு உதவித்தொகையும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறது. அது நல்ல திட்டம், உரியவர்கள் கேட்டு வாங்க வேண்டும். அதற்காகவே ஒருவன் பெண் கேட்டு வந்தால் அவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, மறைப்பது. கடுமையான மனநோய் உள்ள பிள்ளைக்குக் "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்று சொல்லாமல் கொள்ளாமல் முடித்துவிடுகிறார்கள். திருமணம் மருந்து இல்லை. திருமணம் என்றால் என்ன என்று புரிந்து, அதன் பொறுப்பை ஏற்கும் ஆற்றல் வேண்டும் என்று எண் 1095 சொல்கிறது. வாழ்க்கையையே பாதிக்கக்கூடிய ஒன்றை மறைத்துச் சம்மதம் வாங்கினால் அந்தத் திருமணமே செல்லாமல் போகலாம் என்கிறது எண் 1098. இதைச் சொல்வதால் மனநோய் வந்தவர்களோ அறிவு வளர்ச்சி குறைந்தவர்களோ திருமணமே செய்யக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சையில் இருந்துகொண்டு நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன். தெரிந்து ஏற்றுக்கொண்டவர் நிற்பார்.

அடுத்து, பிள்ளைகள். "பிறக்கிற பிள்ளையும் இப்படித்தானே இருக்கும்" என்பது எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி. இளம்பிள்ளைவாதம் கிருமியால் வந்தது, அது பரம்பரையாக வராது. நம் நாட்டில் கடைசியாக அது கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. விபத்தில் கால் போனதும் பரம்பரையாக வராது. பிறவியிலேயே வருகிற செவிட்டுத் தன்மை, தசைச் சிதைவு போன்ற சிலவற்றில் மரபுக்குப் பங்கு உண்டு. அதற்கு மருத்துவ ஆலோசனை பெறலாம். ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அக்காள் மகளையும் அத்தை மகனையும் முறை என்று சொல்லி முடிக்கும்போது யாரும் மருத்துவரைக் கேட்பதில்லை. மரபுக் குறைபாடுகள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நெருங்கிய உறவு மணத்தில்தான் கூடுகிறது. திருஅவை அதைத் தடையாக வைத்து, விதிவிலக்கு வாங்கச் சொல்கிறது. அந்த விதிவிலக்குக் கடிதத்துக்கு நீங்கள் அலைகிற அலைச்சல் எனக்குத் தெரியும். ஆனால் விபத்தில் கால் இழந்தவரைப் பார்த்து, பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று கேட்கிறோம்.

உலகம் அறிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எலன் கெல்லர் பெயர் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குழந்தையாக இருக்கும்போதே பார்வையும் செவியும் போனவர். கல்லூரியில் பட்டம் பெற்றார், நூல்கள் எழுதினார், 1955இல் நம் இந்தியாவுக்கும் வந்தார். பாடப் புத்தகத்தில் வராத ஒன்று உண்டு. 1916இல், அவருக்கு 36 வயது, அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் நோயுற்றிருந்த நேரத்தில், பீட்டர் ஃபேகன் என்ற இளம் பத்திரிகையாளர் செயலாளராக வேலைக்கு வந்தார். கையில் எழுதிப் பேசும் முறையைத் தெரிந்தவர். இருவரும் விரும்பினார்கள். திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்தார்கள். செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. தாய் தடுத்தார். எலனை அழைத்துக்கொண்டு அலபாமாவுக்குப் போய்விட்டார்கள். ஃபேகனோடு புறப்பட்டுவிடலாம் என்று ஓர் இரவு பெட்டியோடு எலன் காத்திருந்தார், அவர் வரவில்லை. உலகமே கொண்டாடிய பெண், நாடு நாடாகப் போய்ப் பேசியவர், 1968இல் மணமாகாமலே இறந்தார். தாயை நான் குறை சொல்லவில்லை. மகள்மேல் உள்ள பாசத்தால்தான் செய்திருப்பார். எலனுக்குக் கண்ணும் காதும் இல்லை என்பது அந்தத் திருமணத்தைத் தடுக்கவில்லை. வீட்டார் தடுத்தார்கள்.

இன்னொருவர் பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன். 1981இல் திருச்சி அருகே நடந்த சாலை விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறி ஆடினார். அவருடைய கதையை வைத்து எடுத்த 'மயூரி' என்ற தெலுங்குப் படத்தில் அவரே நடித்தார். எல்லாரும் நடனத்தைச் சொல்வார்கள். 1994இல் ரவி டாங் என்பவரை மணந்தார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். அப்படி ஒரு வரியில் முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றவர்கள் திருமணத்தை அப்படித்தானே சொல்கிறோம்.

விவிலியத்திலும் அப்படி ஒரு வரி உண்டு. யோனத்தானின் மகன் மெபிபொசேத்து. ஐந்து வயதில் செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடும்போது கீழே விழுந்து இரண்டு கால்களும் முடமானவர். தாவீது அவரைத் தேடி அழைத்து, தம் பந்தியில் அமர வைத்தார். இதை வைத்துத் தாவீதின் இரக்கத்தைப் பற்றி நானே பலமுறை பேசியிருக்கிறேன். அதே அதிகாரத்தின் இறுதியில், சாமுவேல் இரண்டாம் நூல் 9:12, அவருக்கு மீக்கா என்ற சிறு மகன் இருந்தான் என்று இருக்கிறது. மகன் இருந்தான் என்றால் மனைவி இருந்திருக்கிறாள், வீடு இருந்திருக்கிறது. அரசன் இரக்கப்பட்டு அழைக்கும் முன்பே அந்த வீட்டில் ஒரு தொட்டில் ஆடியிருக்கிறது. இத்தனை ஆண்டு குருத்துவத்தில் அந்த வரியை நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

நாட்டின் சட்டம்கூட மெதுவாகத்தான் மாறுகிறது. தொழுநோய் வந்தால் அதைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்று நம் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. மருந்தால் முழுதும் குணமாகிற நோய் அது. 2019இல்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள்.

சரி, அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் குடும்பத்துக்கு வருகிறேன். பெண் குழந்தை பிறந்தது. திருமுழுக்குக்கு வந்தபோது கோவில் வாசலில் ஐந்து படிகள். இளைஞர்கள் நான்கு பேர் ஓடிவந்து, அவர் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்காமல், நாற்காலியில் உட்கார வைத்துச் சப்பரம் தூக்குவதுபோல் தூக்கிவிட்டார்கள். கைதட்டல் வேறு. அவர் முகத்தைப் பார்த்தேன். மறுமாதமே பக்கவாசலில் சாய்தளம் கட்டினோம். இங்கே வந்ததும் நான் முதலில் பார்த்ததும் படிகளைத்தான். தெற்கு வாசல் சாய்தளத்துக்கு எதற்குச் செலவு என்று பங்குப் பேரவையில் கேட்டவர்களே இப்போது மூட்டுவலி வந்து அதன்மேல் ஏறி வருகிறீர்கள். மகிழ்ச்சி.

ஊன்றுகோலில் ஆண்டுக்கணக்காக உடலைத் தாங்கினால் தோள்பட்டை தேய்ந்துவிடும். அவருக்கும் அப்படி ஆகி, இப்போது பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். கடையை முன்னைப்போல் பார்க்க முடியவில்லை. மனைவி தையல் வேலையும் எடுத்துச் செய்கிறார். இரவு அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்திருக்க வேண்டும், காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சண்டை வரத்தான் செய்கிறது. இந்த ஆண்டு தவக்காலத்தில் அந்தப் பெண் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவர் சந்தேகப்பட்டு ஏதோ கேட்டுவிட்டார், தானும் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன் என்று அழுதார். "நான் நல்லவ இல்லயோ சாமி? எல்லாரும் என்னைப் புனிதைன்னுல்ல சொல்றாங்க" என்றார்.

அந்தப் பட்டத்தை முதலில் கட்டிவிட்டவன் நான்தான். புனிதை என்று ஊரே சொன்ன பிறகு அந்தப் பெண் யாரிடம் போய் அலுத்துக்கொள்ள முடியும்? உதவி என்று யாரிடம் கேட்க முடியும்? ஒரு நாள் இரவு அவர் தூங்க, மாற்றாள் ஒருவர் வந்து நின்றால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் தியாகிக்கு யாரும் மாற்றாள் அனுப்புவதில்லை. அந்த ஊர் அன்பியத்தாரிடம் பேசினேன். வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் அவரைக் குளிப்பாட்ட வருகிறார். தோளுக்கான பயிற்சிக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்குப் போய்க் கேட்கச் சொன்னேன். நம் பங்கிலும் இப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று அன்பியப் பொறுப்பாளர்கள் இந்த மாதத்துக்குள் எனக்குச் சொல்ல வேண்டும். அரசு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு எழுத நான் உதவுகிறேன்.

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் தோபித்து நூல் இரண்டாம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள் என்று மட்டும் சொன்னேன். புனித நூலில் இடம்பெற்ற குடும்பத்திலேயே பார்வை இழந்த கணவர் சந்தேகப்பட்டிருக்கிறார், உழைத்துக் களைத்த மனைவி சுருக்கென்று பேசியிருக்கிறார். அதைத் தூய ஆவியார் அழிக்காமல் விட்டிருக்கிறார். அதற்குப் பின்னும் அவர்கள் பிரியவில்லை. மகன் ஊருக்குப் புறப்படும்போது அன்னா அழுகிறார், தோபித்து ஆறுதல் சொல்கிறார். மகன் திரும்பி வரும் நாளில் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, அதோ வருகிறான் என்று பார்வையற்ற கணவரிடம் முதலில் சொல்பவரும் அன்னாதான்.

இரண்டு நாள் கழித்து அவர் அழைத்தார். "வாசிச்சோம் சாமி. ஒரு சந்தேகம். அந்த ஆட்டுக்குட்டி என்னாச்சு? திருப்பிக் குடுத்தாங்களா இல்லியா?"

நான் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதியில்லை என்று சொன்னேன்.

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "கொழம்பு வச்சிருப்பாங்கன்னு சொல்லுங்க."